கடைசி இரண்டு இடங்களில் இருந்த பள்ளிகள்: நியூ ஹேவன் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் நியூ ஹேவன். 1968இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையம், நகரக் கல்வித் துறையோடு சேர்ந்து இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலையை ஆரம்பித்தது. ஒன்று மார்ட்டின் லூதர் கிங் பள்ளி, மற்றொன்று சிமியன் பால்ட்வின் பள்ளி. நகரத்தில் இருந்த 33 தொடக்கப் பள்ளிகளைத் தேர்வு மதிப்பெண்படி வரிசைப்படுத்தினால் 32ஆவது இடமும் 33ஆவது இடமும் இந்த இரண்டுக்கும்தான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பின்தங்கியிருந்தார்கள். வருகைப்பதிவும் மோசம். பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோரும் கறுப்பினத்தவர். பெரும்பாலான குடும்பங்கள் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை.

1984இல் இந்தத் திட்டத்தில் இருந்த இரண்டு பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதே நகரத்தில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்தார்கள். குடும்பங்களின் வருமானம் மாறவில்லை. பணக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கவும் இல்லை. அந்த இடைவெளியில் பள்ளிக்குள் என்ன நடந்தது, அதே முறையை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனபோது ஏன் சில இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள்.

யார், எந்தக் கேள்வியோடு

திட்டத்தை நடத்தியவர் ஜேம்ஸ் கோமர். மனநல மருத்துவர். 1934இல் இந்தியானா மாநிலத்தின் ஈஸ்ட் சிகாகோ என்ற ஆலை நகரத்தில் பிறந்தவர். அப்பா இரும்பாலைத் தொழிலாளி, அம்மா பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பெற்றோருக்குப் படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் அவர்களுடைய ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து வாங்கிய பட்டங்கள் 13. கோமரோடு தொடக்கப் பள்ளியில் ஒன்றாகப் படித்த மூன்று நண்பர்களின் வாழ்க்கை வேறு மாதிரி போனது. ஒருவர் குடியால் சீக்கிரமே இறந்தார், ஒருவர் சிறையிலும் ஒருவர் மனநல மருத்துவமனைகளிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்கள். அவர்கள் யாரும் கோமரைவிட அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பள்ளியும் அதே பள்ளிதான். வேறுபாடு எங்கே வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் அவருடைய வேலை தொடங்குகிறது.

அவர் கண்ட விடை இது. பள்ளிக்கூடம் தன்னிடம் வரும் பிள்ளை ஏற்கெனவே சில பழக்கங்களோடு வந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறது: காத்திருப்பது, வாய்விட்டுக் கேட்பது, கோபம் வந்தால் கையை அடக்குவது, அந்நியப் பெரியவரை நம்புவது. இவை பிறவிக் குணங்கள் அல்ல, பிள்ளைக்கு நெருக்கமான பெரியவர்கள் அன்றாடம் பழக்கிவிடுபவை. தெருவில் அடித்தவனைத் திருப்பி அடித்தால்தான் பிழைக்கலாம் என்று கற்ற பையன் வகுப்பிலும் அதையே செய்வான். அதை வளர்ச்சியில் விட்டுப்போன ஒரு பாடம் என்று பார்க்கும் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். கெட்ட குணம் என்று பார்க்கும் ஆசிரியர் தண்டிப்பார். ஆசிரியப் பயிற்சியில் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, பிள்ளை எப்படி வளர்கிறது என்பதை அதிகம் சொல்லவில்லை. பெற்றோர் பக்கத்திலும் ஒரு தடை இருந்தது. அவர்களில் பலர் தாங்களே பள்ளியில் அவமானப்பட்டு வெளியேறியவர்கள். பள்ளியிலிருந்து கடிதம் வந்தாலே ஏதோ புகார் என்றுதான் அர்த்தம்.

கோமரின் குழு உடல், அறிவு, உளம், மொழி, சமூகம், அறநெறி என ஆறு வளர்ச்சிப் பாதைகளைப் பட்டியலிட்டது. பள்ளி ஒன்றை மட்டும் பிடித்து இழுக்கிறது, மற்ற ஐந்தும் நகராதபோது அதுவும் நகர்வதில்லை என்பது அதன் வாதம்.

முதல் ஆண்டின் குளறுபடி

ஃபோர்டு அறக்கட்டளையின் ஐந்தாண்டு நிதி கையில் இருந்தது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் என நால்வர் பள்ளிக்குள் வந்தார்கள். ஆனால் முதல் ஆண்டு படுதோல்வி. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களில் சிலர் அந்தக் காலத்தில் புகழ்பெற்றிருந்த திறந்த வகுப்பறை முறையை, அதாவது எதை எப்படிப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளிடமே விடும் முறையை, ஆர்வத்தோடு கொண்டுவந்தார்கள். கட்டுப்பாட்டுக்கே பழகாத பிள்ளைகளுக்கு அது விடுதலையாகத் தெரியவில்லை, குழப்பமாகவே இருந்தது. வகுப்புகள் கைமீறிப் போயின. பால்ட்வினில் பெற்றோர் திரண்டு வந்து போராடினார்கள்.

இந்த ஆர்ப்பாட்டத்தைப் பெரும்பாலான திட்ட அறிக்கைகள் ஒரு வரியில் கடந்துவிடும். ஆனால் பின்னால் வந்த அமைப்பு முழுவதும் இங்கிருந்துதான் பிறந்தது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்கள், அக்கறை இருந்ததால்தான் அவர்கள் தெருவில் இறங்கினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த அக்கறை உள்ளே வருவதற்குப் பள்ளியில் ஒரு கதவு இல்லை. யேல் குழுவும் ஒன்றைக் கற்றது: நிபுணர்கள் எழுதிக் கொண்டுவந்த திட்டத்தை ஒரு பள்ளியின் மேல் கவிழ்த்தால், அது சரியான திட்டமாகவே இருந்தாலும் நிற்காது.

பால்ட்வின் பின்னர் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதன் இடத்துக்குக் கேத்தரின் பிரென்னன் பள்ளி வந்தது. எனவே 1984இன் புள்ளிவிவரங்கள் கிங், பிரென்னன் ஆகிய இரண்டு பள்ளிகளுடையவை. இதை மறந்துவிட்டுக் கதை சொல்பவர்கள் உண்டு.

மூன்று குழுக்கள்

முதலாவது, பள்ளித் திட்ட மேலாண்மைக் குழு. தலைமை ஆசிரியர்தான் இதை நடத்துவார். ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், பெற்றோர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அடுத்துச் சொல்லப்போகும் ஆதரவுக் குழுவிலிருந்து ஒருவர், ஆசிரியர் அல்லாத ஊழியர்களிலிருந்து ஒருவர் ஆகியோர் இதில் இருப்பார்கள். மொத்தம் ஒரு டஜன், கூடிப்போனால் பதினைந்து பேர். அதற்கு மேல் போனால் கூட்டம் மேடைப்பேச்சாகிவிடும். ஐந்தாறு பேருக்குக் குறைந்தால் ‘தலைமை ஆசிரியரின் ஆட்கள்’ என்று பெயர் வந்துவிடும். கூட்டம் தொடர்ந்து, குறித்த நாளில் நடக்க வேண்டும். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை கூடுகிற குழுவால் ஒரு தவறான முடிவைத் திருத்த முடியாது. அதற்குள் அது நடைமுறையாகிவிடுகிறது.

இந்தக் குழுவின் கையில் மூன்று வேலைகள். பாடத்துக்கும் பள்ளிச் சூழலுக்கும் சேர்த்து ஓராண்டுத் திட்டம் எழுதுவது. அந்தத் திட்டத்துக்கு என்ன பயிற்சி வேண்டுமோ அதை மட்டும் ஆசிரியர்களுக்கு ஏற்பாடு செய்வது. திட்டம் எங்கே நிற்கிறது என்று அவ்வப்போது பார்த்துத் திருத்துவது. இரண்டாவது வேலை சின்னதாகத் தெரியும். ஆனால் மேலிடம் அனுப்புகிற பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கும், ‘எங்கள் இரண்டாம் வகுப்பில் வாசிப்பு இந்த இடத்தில் தடுக்கிறது, அதற்குப் பயிற்சி வேண்டும்’ என்று பள்ளியே கேட்டு வாங்குவதற்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது, மாணவர், ஊழியர் ஆதரவுக் குழு. உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், சிறப்புக் கல்வி ஆசிரியர் போன்றவர்கள் இதில் இருப்பார்கள். இவர்கள் முன்பும் பள்ளிக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கமாக. ஒரே பிள்ளையைப் பலர் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். ஒருவர் சொன்னது அடுத்தவருக்குத் தெரியாது. வகுப்பாசிரியருக்கு எதுவுமே தெரியாது. கோமரின் ஏற்பாட்டில் இவர்கள் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒருவர் பொறுப்பு. இதோடு, தனிப்பட்ட பிள்ளையைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒரே மாதிரியான சிக்கல் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு வந்தால் பள்ளியின் எந்த ஏற்பாடு அதை உண்டாக்குகிறது என்று தேடி மேலாண்மைக் குழுவுக்குச் சொல்வதும் இவர்கள் கடமை. இந்த இரண்டாம் பாதிதான் திட்டத்தின் மூளை என்று சொல்லலாம்.

மூன்றாவது, பெற்றோர் குழு. அதைப் பற்றித் தனியாகப் பார்ப்போம்.

மூன்று விதிகள்

குழுக்களை அமைப்பது ஒரு மாத வேலை. அவை அடித்துக்கொள்ளாமல் நடப்பதற்கு மூன்று விதிகளை வைத்தார்கள்.

குற்றம் சாட்டாமல் சிக்கலைத் தீர்ப்பது முதல் விதி. ‘யாரால்?’ என்ற கேள்வியைக் கூட்டத்தில் எடுக்கக்கூடாது. ‘அடுத்த கூட்டத்துக்குள் யார் என்ன செய்வது?’ என்பதை மட்டும் பேசலாம். சொல்வதற்கு எளிது, கடைப்பிடிப்பதற்கு மூன்றிலும் கடினமானது இதுதான். பழக்கத்தில் ஆசிரியர் பெற்றோரைச் சொல்வார், பெற்றோர் ஆசிரியரைச் சொல்வார், இருவரும் சேர்ந்து அரசாங்கத்தைச் சொல்லிவிட்டுக் கலைவார்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு புகாரையும் ஒரு வேலையாக மாற்றிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ‘மூன்றாம் வகுப்பில் ஒழுங்கே இல்லை’ என்று எழுதினால் பயனில்லை. ‘மூன்றாம் வகுப்பில் உணவு இடைவேளை முடிந்து வரும் முதல் பதினைந்து நிமிடம் சண்டை வருகிறது, இரண்டு வாரத்துக்கு வாசலில் ஒரு பெரியவர் நிற்பார், பொறுப்பு இவர், இந்தத் தேதியில் மீண்டும் பார்ப்போம்’ என்று எழுத வேண்டும்.

இந்த விதியை எல்லாவற்றுக்கும் நீட்டுவது ஆபத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளையை யாராவது அடித்திருந்தாலோ, ஒருவர் வகுப்புக்கே வராமல் இருந்தாலோ அது குழு கூடிப் பேசித் தீர்க்கிற சிக்கல் அல்ல. அங்கே பொறுப்பு கேட்கப்பட வேண்டும். அதைத் தலைமை ஆசிரியர் தனியாக, விதிப்படி செய்ய வேண்டும். இரண்டையும் கலந்த பள்ளிகளில் ‘குற்றம் சாட்டாதே’ என்பது ‘எதையும் கேட்காதே’ என்று ஆகிவிடும்.

இரண்டாவது விதி, வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமித்த முடிவு. ஏழுக்கு ஐந்து என்று வென்றால் தோற்ற ஐந்து பேரும் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போய் அந்த முடிவைச் செயல்படுத்தாமல் விட்டுவிடலாம். பள்ளியில் அதைக் கண்காணிக்க வழியில்லை. ஆகவே ஒரு யோசனையைச் சில வாரங்கள் சோதித்துப் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் அடுத்ததை எடுப்பது என்று பேசி முடித்தார்கள். ‘இது என் முதல் விருப்பம் அல்ல, ஆனால் முயன்று பார்க்கச் சம்மதம்’ என்பதே ஒருமிப்புக்குப் போதும்.

மூன்றாவது, ஒத்துழைப்பு. தலைமை ஆசிரியர் குழுவை ரப்பர் முத்திரையாகப் பயன்படுத்தக்கூடாது. குழுவும் தலைமை ஆசிரியரின் கையைக் கட்டிப்போடக்கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து எழுதியதால்தான் தலைமை ஆசிரியர்கள் இதற்கு இணங்கினார்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் ஏற்பாட்டை எந்தத் தலைமையும் உள்ளுக்குள் முடக்கிவிடும்.

உதைத்த பையனும் அதன் பின் வந்த வழக்கமும்

கோமர் அடிக்கடி எடுத்துச் சொல்கிற ஒரு சம்பவம் இந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பதைக் காட்டுகிறது. வட கரோலினாவின் கிராமத்திலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் நியூ ஹேவனில் இருந்த தன் அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அத்தை வேலைக்குப் போகிற வழியில் அவனைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போனார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத பெரிய கட்டடம். வகுப்பாசிரியருக்கோ ஆண்டு நடுவில் இன்னொரு பிள்ளை வந்து சேர்கிறதே என்ற சலிப்பு. அது பையனுக்கும் தெரிந்தது. பயந்துபோய் ஆசிரியரை உதைத்துவிட்டு வெளியே ஓடினான்.

வழக்கமான பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. தலைமை ஆசிரியர் அறை, தண்டனை, திரும்ப வகுப்பு, மற்றப் பிள்ளைகளின் சிரிப்பு, மறுபடி அடி, மறுபடி தண்டனை. சில மாதத்தில் ‘மனநலக் கோளாறு’ என்ற சீட்டோடு நிபுணரிடம் போவான். இங்கே ஆதரவுக் குழு ஆசிரியர்களை உட்கார வைத்து, எட்டு வயதில் சொந்த ஊரும் மனிதர்களும் ஒரே நாளில் பறிபோனால் எப்படி இருக்கும் என்று யோசிக்கச் சொன்னது. பயந்த பிள்ளை ஒன்று ஓடும் அல்லது அடிக்கும். இவன் இரண்டையும் செய்தான். அவனை எப்படி வரவேற்பது என்று ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிட்டார்கள். பிறகு மேலாண்மைக் குழுவுக்குச் செய்தி போனது: நடு ஆண்டில் வந்து சேரும் பிள்ளைகள் இங்கே ஏராளம், அவர்களை வரவேற்க ஒரு வழக்கம் இல்லை. ஒரு பையனின் உதையிலிருந்து, புதிய பிள்ளை வரும்போது வகுப்பைச் சுற்றிக் காட்டி அறிமுகம் செய்யும் ஏற்பாடு பள்ளி முழுவதற்கும் வந்தது. தனி வழக்கிலிருந்து பொது ஏற்பாட்டுக்கு ஏறும் இந்தப் படி இல்லாவிட்டால், ஆதரவுக் குழு ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பிள்ளையாகக் கட்டுப்போட்டுக்கொண்டே இருக்கும்.

இதே வழியில் வந்த இன்னொரு ஏற்பாடு, ஓர் ஆசிரியரே இரண்டு ஆண்டுகள் அதே பிள்ளைகளோடு தொடர்வது. மாதக் கணக்கில் சிரிக்காத ஒரு பிள்ளை ஒருவழியாக ஆசிரியரிடம் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் கல்வியாண்டு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறு ஆசிரியரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிலையற்ற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஆண்டுதோறும் ஒரு பிரிவைத் தந்துகொண்டிருந்தது. இரண்டாண்டுத் தொடர்ச்சியை வைத்தபோது, முதல் ஆண்டில் எந்த முன்னேற்றமும் காட்டாத சில பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் இரண்டு ஆண்டுக்கான பாடத்தைப் பிடித்தார்கள். செலவு எதுவும் இல்லாத மாற்றம் இது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஒத்துவராத இணைகளை ஆண்டு இறுதியில் மாற்றிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்லதைப் போலவே கெட்டதும் இரண்டு ஆண்டுக்கு நீளும்.

படிப்பில் மனம் விட்டுப்போன பிள்ளைகளுக்குக் ‘கண்டறியும் அறை’ என்று ஒன்றை வைத்தார்கள். அங்கே ஓர் ஆசிரியர் விளையாட்டின் வழியாக நம்பிக்கையைப் பிடித்துப் பிறகு பாடத்துக்கு இழுத்தார்.

பெற்றோர்: மூன்று படிகள்

‘பெற்றோர் பங்கேற்பு’ என்ற சொல்லின் பின்னால் பெரும்பாலும் ஒரு கையெழுத்துத் தாள்தான் இருக்கும். கோமரின் திட்டம் அதை மூன்று படியாகப் பிரித்தது. அடிப்படியில் பள்ளி விழாக்கள், கூட்டுணவு, நூலகக் கண்காட்சி போன்றவற்றுக்கு வருகிற பெரும்பான்மைப் பெற்றோர். நடுப்படியில் வகுப்பறையிலோ உணவறையிலோ நூலகத்திலோ தொடர்ந்து உதவுபவர்கள். மேல்படியில் மேலாண்மைக் குழுவில் உட்காரும் மிகச் சிலர். எல்லோரையும் மேல்படிக்கு ஏற்ற வேண்டும் என்று திட்டம் ஒருபோதும் கேட்கவில்லை. நிர்வாகக் கூட்டத்தில் உட்கார விருப்பமில்லாத அம்மாவும் பள்ளியின் அங்கம்தான். அவர் விழாவுக்கு வந்து மகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். கீழ்ப்படி அகலமாக இருந்தால்தான் மேல்படிக்குத் தகுதியான ஆட்கள் கிடைப்பார்கள் என்பதும் உண்மை.

நடுப்படியில் முக்கியமான ஒரு முடிவு எடுத்தார்கள். வகுப்பறை உதவியாளராக வந்த பெற்றோருக்கு வாரத்தில் சில மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தார்கள். ஏழைத் தாய்க்கு இலவசச் சேவை என்பது அந்த நேரத்துக் கூலியை இழப்பது. சம்பளம் கொடுத்ததால் வேலைக்கு ஒழுங்கு வந்தது: நேரத்துக்கு வர வேண்டும், ஆசிரியர் சொன்னதைச் செய்ய வேண்டும், வகுப்பில் கேட்டதை வெளியே பேசக்கூடாது. பலர் கூலி நேரத்துக்கு மேலும் தங்கினார்கள். சிலர் இதில் கிடைத்த தன்னம்பிக்கையில் பாதியில் விட்ட படிப்பைத் தொடர்ந்து, வேறு வேலைகளுக்கும் போனார்கள்.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பெற்றோரே வந்துகொண்டிருந்த கிங் பள்ளியில், சில ஆண்டுகளில் கூட்டம் நூற்றுக்கணக்கில் வந்தது. இந்த எண்ணிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் நேரடிக் கணக்கு எதுவும் போட முடியாது. ஆனால் நிகழ்ச்சியில் தன் ஆசிரியரும் தன் அம்மாவும் சிரித்துப் பேசுவதைப் பார்த்த பிள்ளை மறுநாள் அந்த ஆசிரியரை எதிரியாக நினைப்பது கடினம்.

பாடத்துக்குள் ஊர்

1970களின் நடுவில் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்தார்கள்: இந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி நன்றாக வாழ எந்தெந்த இடங்களில் பழக்கம் வேண்டும்? அரசியலும் அரசாங்கமும், தொழிலும் பொருளாதாரமும், உடல்நலமும் உணவும், ஆன்மிகமும் ஓய்வு நேரமும் என நான்கு துறைகளைப் பெற்றோர் சொன்னார்கள். நடுத்தர வர்க்கப் பிள்ளைக்கு வீட்டு உணவு மேசையிலேயே கிடைக்கிற பழக்கம் இது. இங்கே பள்ளி கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் அரசியல். அப்போது நகர மேயர் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வேட்பாளர்களுக்கு அழைப்புக் கடிதம் எழுதினார்கள், அதுவே மொழிப்பாடம். பேருந்தை வாடகைக்கு எடுக்கப் பணம் திரட்டினார்கள். நகரத்தைச் சுற்றிப் பார்த்து, எந்தத் தெரு எப்படி இருக்கிறது, அதற்கும் ஆட்சிக்கும் என்ன தொடர்பு என்று பேசினார்கள். பிறகு நன்றிக் கடிதம். வேட்பாளர்கள் வந்தபோது விருந்தினரை வரவேற்பது, கேள்வி கேட்பது எப்படி என்று பழகியிருந்தார்கள். ஆடலும் நாடகமும் நடத்தினார்கள். ஆசிரியர்கள் கவனித்த விஷயம், எழுத்துப்பிழை திருத்துவதற்குப் பிள்ளைகளே வற்புறுத்தினார்கள் என்பதல்ல, திருத்தச் சொன்னால் ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதுதான். மேயராகப் போகிறவருக்கு அனுப்பும் கடிதம் அல்லவா!

மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் மாறியது சூழல்: சண்டை குறைந்தது, வருகை கூடியது. மதிப்பெண் பின்னால் வந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் தேர்வுத்தாளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இந்தத் திட்டம் அன்றே மூடப்பட்டிருக்கும்.

எண்களை எப்படி வாசிப்பது

1980களின் தொடக்கத்தில் கிங் பள்ளி வருகைப்பதிவில் நகரத்தின் முதல் அல்லது இரண்டாம் இடத்தில் இருந்தது. 1984இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அயோவா அடிப்படைத் திறன் தேர்வு என்ற பொதுத் தேர்வில் எந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பதை மேலே சொல்லிவிட்டோம். பெரிய ஒழுங்குச் சிக்கல் எதுவும் பத்தாண்டுக்கு மேல் எழவில்லை என்று கோமர் 1988இல் எழுதினார்.

கடுமையான வாசகர் இங்கே இரண்டு கேள்வி கேட்பார். இரண்டு பள்ளிகள் மட்டுமே. ஒப்பிடுவதற்கென்று குலுக்கல் முறையில் ஒதுக்கிய வேறு பள்ளிகள் இல்லை. சொல்பவரும் திட்டத்தை நடத்தியவரே. இரண்டும் நியாயமான ஐயங்கள். 1990இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆதரவோடு திட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியபோதுதான் அவற்றைச் சோதிக்க வாய்ப்பு வந்தது.

மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜ்ஸ் கவுண்டியில் தாமஸ் குக்கும் உடன் ஆய்வாளர்களும் 23 நடுநிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நான்கு ஆண்டு கவனித்தார்கள். 1999இல் முடிவு வந்தது: மதிப்பெண்ணில் பயன் எதுவும் இல்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் அளந்திருந்தது. திட்டப் பள்ளிகளில் கோமரின் நடைமுறை, திட்டமில்லாத பள்ளிகளில் இயல்பாக நடந்ததைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருந்தது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, கூட்டங்களின் உள்ளே பெரிதாக எதுவும் மாறவில்லை. தொடக்கப் பள்ளிக்காக உருவான முறை, பாடத்துக்கொரு ஆசிரியர் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்குப் போனதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே குக் குழு சிகாகோவின் ஏழைப் பகுதிகளில் 10 பள்ளிகளை, திட்டமில்லாத 9 பள்ளிகளோடு நான்கு ஆண்டு ஒப்பிட்டது. அங்கே பிள்ளைகள் சொன்ன பள்ளிச் சூழல் மேம்பட்டது. முரட்டு நடத்தை ஒப்பீட்டில் குறைவாக இருந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் மூன்று சதமானப் புள்ளி (நூறு பேர் வரிசையில் ஒரு பிள்ளையின் இடத்தைக் காட்டும் அளவு) கூடுதல் முன்னேற்றம் வந்தது. சிறியதுதான், ஆனால் நியூ ஹேவனின் வரிசை அங்கேயும் தெரிந்தது: முதலில் சூழல், கடைசி ஆண்டுகளில் படிப்பு. 2003இல் ஜெஃப்ரி போர்மனும் மற்றவர்களும் 29 பள்ளிச் சீர்திருத்த மாதிரிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலுவான சான்று உள்ள மூன்றில் ஒன்றாகக் கோமரின் மாதிரியை வைத்தார்கள்.

எங்கள் வாசிப்பு இது: நியூ ஹேவனின் ஏற்றம் உண்மை, ஆனால் அது இந்த முறையால் கிடைக்கக்கூடிய பலனின் மேல் எல்லை. நிறுவனர் வாரந்தோறும் உள்ளே இருந்த பள்ளிகளில் கிடைத்ததைச் சுற்றறிக்கை வழியாகத் தொடங்கிய பள்ளியில் எதிர்பார்ப்பது தவறு.

எங்கே உடைகிறது

முதல் உடைப்பு நேரத்தில். கூட்டத்தைப் பள்ளி முடிந்த பிறகு வைத்தால் வேலைக்குப் போகும் பெற்றோரும் பேருந்து பிடிக்கும் ஆசிரியர்களும் கழன்றுகொள்வார்கள்; பள்ளி நேரத்தில் வைத்தால் வகுப்பைப் பார்க்க ஆள் வேண்டும். நிரந்தரக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையாக அதை எழுதி, மாற்று ஆசிரியரையும் பெயரோடு எழுதிவைத்தால்தான் அது இரண்டாம் பருவம் வரை உயிரோடு இருக்கும்.

பெற்றோர் பிரதிநிதியைத் தலைமை ஆசிரியர் தானே தேர்ந்தெடுப்பது அடுத்தது. கேள்வி கேட்காதவரைத் தேடி எடுப்பார்கள். அவர் சொல்வதை வெளியே யாரும் தம் குரலாக நினைக்க மாட்டார்கள்.

ஆதரவுக் குழு பரிந்துரைச் சீட்டு எழுதும் அலுவலகமாக மாறிவிடுவது இன்னொரு வகை. இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு பருவத்தின் குறிப்பேட்டை எடுத்து, பிள்ளையின் பெயரில் தொடங்கி அங்கேயே முடிந்த பதிவுகள் எத்தனை, பள்ளியின் ஓர் ஏற்பாட்டை மாற்றச் சொல்லி முடிந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதும். இரண்டாவது சுழியமாக இருந்தால் குழு தன் பாதி வேலையைச் செய்யவில்லை.

சூழலை மட்டும் பிடித்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடுவதும் உண்டு. விழா நடக்கும், எல்லோரும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வராது. கோமரின் ஓராண்டுத் திட்டத்தில் பாடப்பகுதி கட்டாயமாக இருந்ததற்குக் காரணம் இதுவே. வகுப்புவாரியாக வாசிப்பு எங்கே நிற்கிறது என்ற தாள் மேலாண்மைக் குழுவின் மேசையில் பருவத்துக்கு ஒருமுறையாவது வைக்கப்பட வேண்டும், பெற்றோர் பிரதிநிதிகளுக்குப் புரிகிற மொழியில்.

மிகப் பெரிய உடைப்பு, தலைமை ஆசிரியர் மாறுவது. புதியவர் தன் முறையைக் கொண்டுவருவார். குழு மெல்லக் கலையும். 1990களில் கோமரின் குழு தனிப் பள்ளியை விட்டு மாவட்டக் கல்வி நிர்வாகத்தோடு சேர்த்து வேலை செய்யத் திரும்பியதற்கு இந்த மாற்றங்கள் முக்கியக் காரணம். பள்ளி அளவில் செய்யக்கூடியது குறைவுதான் என்றாலும் இல்லாமல் இல்லை. தேதியும் பொறுப்பும் எழுதிய முடிவுக் குறிப்பேடு, நடப்பு ஓராண்டுத் திட்டம், கூட்ட நாள் அச்சிட்ட கால அட்டவணை ஆகிய மூன்றையும் பொறுப்பேற்கும் நாளிலேயே புதியவரிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பவர்களில் ஒருவராவது பெற்றோராக இருப்பது நல்லது. முதல் கூட்டத்தை அவர் வந்த இரண்டாவது வாரத்துக்குள் வைத்துவிட வேண்டும்.